ஐந்தாவது வடத்துக்கு ஒரு பட்டை

செய்தி வந்தபோது மதியம் இரண்டு மணி. தொட்டிக்குள் ஒரு காய்கறிப் படகு பாதி ஏறி நின்றிருந்தது.

அந்த இடத்தில் கால்வாய் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இறங்குகிறது. கீழே இருந்து வரும் படகைக் கல் தொட்டிக்குள் விட்டு, பின்கதவைச் சாத்தி, முன்கதவின் அடியில் இருக்கும் சின்ன மதகைத் திறந்தால் தண்ணீர் உள்ளே நிறையும். படகு தானாக மேலே வரும். இந்த வேலையைத் தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து செய்துவருகிறவரை ஊரில் எல்லோரும் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவருக்கு ஒரே ஒரு பெயர்தான். தம்பி. அப்படிக் கூப்பிட ஓர் அக்கா இருந்தாள்.

போனில் அக்காவின் கணவர். தையல்காரர். ஊசியில் நூல் கோக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பவர். அன்றைக்கு "மாப்ள" என்று சொன்னவர் அதோடு நின்றுவிட்டார். தொட்டிக்காரர் ஒரு கையால் மதகின் சக்கரத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தா மாப்ள. அப்படியே திரும்பி நாற்காலியில உக்காந்துட்டா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டார்."

"பாத்துட்டு?"

"அவ்வளவுதான் மாப்ள."

தொட்டிக்குள்ளிருந்து படகுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "என்ன தொட்டிக்காரரே, என்னைக் கிணத்துல இறக்கிவிட்டுட்டு போன்ல குசலம் விசாரிக்கிறீங்களா? தக்காளி அழுகுது."

"இதோ ஆச்சு" என்றார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். சக்கரத்தை மெல்லச் சுற்றி, தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகும்வரை நின்று, முன்கதவை விரித்தார். பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற வேலையா அது? படகு வெளியே போய்க் கயிற்றை எறிந்த பிறகுதான் சொன்னார்: "அக்கா போயிட்டா."

படகுக்காரர் துடுப்பைக் கீழே வைத்தார். "எந்த அக்கா? ஷட்டர் அக்காவா?" தலைத்துண்டை அவிழ்த்தார். "நேத்துகூட என்னைத் திட்டினாங்களே. படகை ஷட்டருக்குக் கிட்ட கட்டுறியே, உனக்கு உசிர் சீப்பாக் கிடைச்சுதான்னு."

தொட்டிக்காரர் இரண்டு கதவையும் சாத்திப் பூட்டி, ஸ்கூட்டரை எடுத்தார்.

*

ஆற்றின் குறுக்கே, கால்வாய் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே அக்காவின் அணை. பெரிய அணை இல்லை. ஷட்டர் என்று ஊர் சொல்லும் ஐந்து இரும்புக் கதவுகள், அவற்றின் மேல் ஒரு நடைபாலம், கதவுக்கு ஒரு மோட்டார் அறை. ஒவ்வொரு கதவும் ஓர் எஃகு வடத்தில் தொங்கும். மேலே மோட்டார் சுற்றினால் வடம் உருளையில் ஏறும், கதவு எழும்பும். பெரிய நீர்த்தேக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது; அங்கே திறந்தால் இங்கே தூக்க வேண்டும். தூக்காவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கி இடதுகரைத் தெருவுக்குள் வரும். அந்தத் தெருவில்தான் அவள் வீடு. வீட்டின் முன்னறைதான் தையல் கடை.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு மரக்கிடங்கில் கிரேன் ஓட்டினாள். யானை கனத்துக்கு மரத்தைத் தூக்கி, லாரியில் முட்டையை வைப்பது போல வைப்பாள். அங்கேதான் தையல்காரர் அவளுக்கு வேலைச் சட்டை தைக்க அளவெடுக்க வந்தார். ஒரே தோளை மூன்று தடவை அளந்தார். "டைலரே, தோள் வளரல. நீங்கதான் மறக்கிறீங்க" என்றாள். அடுத்த வருஷம் கல்யாணம்.

அணை வேலைக்கான நேர்காணலில் ஓர் அதிகாரி, "வடம், மோட்டார் எல்லாம் கனமான சமாச்சாரம்மா. முடியுமா?" என்று கேட்டாராம்.

"கனத்தை மோட்டார் பாத்துக்கும் சார். அது முனகுதா சிரிக்குதான்னு நான் கேட்டாப் போதும்."

அதிகாரி சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. இந்தக் கதையை அவள் சொல்லும்போதெல்லாம் தையல்காரர், "அதுல முனகினது நான்தான்" என்பார். அவருக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். குளிக்கும் வாளி விளிம்புவரை நிறைந்திருந்தால் இரண்டு சொம்பு கீழே ஊற்றிவிட்டுத்தான் கிட்டே போவார். ஊர்த் தண்ணீரையெல்லாம் கட்டி மேய்க்கிறவளுக்கு இப்படி ஒரு புருஷன் என்று தெருவே சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். "வீட்டுக்கு ஒருத்தர் நீந்தினாப் போதாதா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவள் ஒரு தப்பு செய்தாள். அந்த வேலையில் இருப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. வெள்ளம் வடிந்ததும் மூன்றாவது கதவை இறக்கினாள். அதன் மோட்டார் அறைச் சுவரில் கதவின் உயரம் காட்டும் வட்டத்தில் முள் பூஜ்யத்துக்கு வந்தது. கதவு மூடிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் தம்பியின் போன்.

"அக்கா, உன் வீட்டுக் குழாயை மூட மறந்துட்டியா? என் தொட்டி நிரம்பி வழியுது. இங்க படகெல்லாம் கரையேறி மேயுது."

"முள் பூஜ்யத்துல இருக்குடா."

"முள் பூஜ்யத்துல இருக்கு. தண்ணி எங்கிட்ட இருக்கு."

கதவின் அடியில் ஒரு மரக்கட்டை மாட்டியிருந்தது. கதவு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. ஆனால் உருளை சுற்றிக்கொண்டேதான் இருந்தது, வடம் தொய்ந்து மடிந்தது, முள் பூஜ்யத்துக்கு வந்தது. முள் பார்ப்பது உருளையை, கதவை அல்ல. அணையில் தேங்கியிருந்த குடிதண்ணீர் பாதி போய்விட்டது. ஊர் ஒரு வாரம் லாரித் தண்ணீர் குடித்தது. அந்த வாரம் முழுக்க அவள் வாய்திறக்கவில்லை. திறந்தபோது இரண்டு வழக்கங்கள் தயாராக இருந்தன.

ஒன்று, கதவை ஒரேயடியாக மூடக்கூடாது. ஒரு சாண் இடைவெளியில் நிறுத்த வேண்டும். அந்தச் சாண் வழியாகத் தண்ணீர் சீறிப் பாய்ந்து, அடியில் இருக்கிற கட்டை, கல், சருகு எல்லாவற்றையும் கழுவித் தள்ளிவிடும். பிறகுதான் மிச்சத்தை இறக்குவது. "கழுவி மூடு" என்பாள். யாராவது, தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன என்று பழமொழி பேசினால் அவளுக்குப் பிடிக்காது. "அதைச் சொன்னவன் ஷட்டர் இறக்கினதே இல்லை. எல்லாமே அந்தச் சாண்லதான்டா இருக்கு."

இன்னொன்று, இறக்கும்போது ஒரு கை வடத்தின்மேல் இருக்க வேண்டும். முள் பூஜ்யத்துக்கு வருவதற்குள் வடம் தொய்ந்தால், கதவு உட்கார்ந்திருப்பது தரையில் அல்ல.

பல வருஷங்கள் அப்படியே ஓடின. போன வருஷம்தான் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. கதவு நிஜமாகத் தரையைத் தொடும்போது, வடத்தின் எந்த இடம் நடைபாலத்தில் அது இறங்குகிற ஓட்டைக்கு நேராக வருகிறதோ, அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. பட்டை ஓட்டைக்கு வந்தால் கதவு கீழே. மேலேயே நின்றால் ஏதோ மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நீர்த்தேக்கத்துப் பொறியாளர், "இது எனக்கு ஏன் தோணலைன்னு தெரியலக்கா. போடுங்க" என்றார். ஆனால் கிரீஸ் தடவிய வடத்தில் பெயிண்ட் நிற்கவில்லை.

"துணிப் பட்டை தைச்சுக் குடுங்க" என்றாள் கணவனிடம்.

"தைச்சுக் குடுக்கறதா? வடத்தைக் கழட்டிக் கொண்டுவா."

"நீங்கதான் வரணும். வடத்தைச் சுத்தி இழுத்துப் பிடிச்சு அங்கேயே தைக்கணும். இல்லேன்னா நழுவிடும்."

அப்படித்தான் தண்ணீருக்குப் பயந்த மனிதர், பாய்மரத் துணியும் மெழுகு நூலும் சாக்கு தைக்கிற ஊசியுமாக நடைபாலத்தில் ஏறினார். ஒரு கை கம்பிவேலியில். கண் வானத்தில். "கீழ பாக்காதீங்க, ஊசியைப் பாருங்க" என்று அக்கா அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி அக்கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போனில் கேட்டார்: "என்ன மாமா, அக்கா உங்களைக் காற்றாடியா விடுறாளா?" ஒரு கதவுக்கு ஒரு நாள் என்று நான்கு வடங்களுக்குத் தைத்துவிட்டார். ஐந்தாவது அக்கரை ஓரத்தில். பாலத்தின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். அதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

*

வீட்டில் அவளைத் தையல் கடைக்குள்தான் படுக்க வைத்திருந்தார்கள். வெட்டுகிற நீள மேஜை, மேலே ஒரு வெள்ளைத் துணி. சுவரில் தொங்கிய பாதி தைத்த சட்டைகள் அப்படியே இருந்தன. தையல்காரர் மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தொட்டிக்காரர் அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையில், வடத்தை வருஷக்கணக்காகத் தொட்ட இடத்தில், தோல் மழமழவென்று இருந்தது.

"என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"சோறுதான். பேசிக்கிட்டே சாப்பிட்டா. அஞ்சாவது கதவுக்கு அடியில ஏதோ மாட்டியிருக்கு, வடம் தொய்ஞ்சுடுச்சு, தூக்கலாம்னா கரண்ட் போயிடுச்சு, சாப்பிட்டுட்டுப் போய்க் கழுவி மூடணும்னா." தையல்காரர் மூக்கைத் துடைத்தார். "உங்க பட்டை இருந்திருந்தா மொதல்லயே தெரிஞ்சிருக்கும் டைலரேன்னு ஒரு குத்து வேற."

அலமாரியில் அக்காவின் போன் அடித்தது. யாரும் அசையவில்லை. அது விடாமல் அடித்தது. தொட்டிக்காரர் எழுந்து எடுத்தார்.

"அக்கா, மேல மழை கொட்டுது" என்றது பொறியாளரின் குரல். "மூணு மணிக்குத் திறக்கறோம். சூரியன் இறங்கறதுக்குள்ள உங்ககிட்ட வந்துடும். அஞ்சையும் தூக்கிடுங்க."

"அக்கா இல்லை சார். நான் தம்பி பேசறேன். மதியம் போயிட்டா."

பொறியாளரின் குரல் இறங்கியது. "மாத்து ஆள் லீவுல போயிருக்கார். நான் கிளம்பினாலும் தண்ணிக்கு முன்னாடி வந்து சேர முடியாது. திறக்கறதைத் தள்ளிப்போடவும் முடியாது, இங்கே விளிம்பு தொடுது. நீங்களும் நம்ம ஆள்தான். உங்களைக் கேக்கக் கூடாத நேரம். ஆனா கேக்கறேன்."

"நான் பாத்துக்கறேன் சார்."

மூலையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "கூடப் பொறந்தவளை இப்படிக் கிடத்திட்டு வேலைக்கா போற? ஊர் என்ன சொல்லும்?"

"நான் போகலேன்னா ஊர் ஒண்ணும் சொல்லாது சித்தப்பா. நீந்திக்கிட்டிருக்கும்." தொட்டிக்காரர் தரையைக் காட்டினார். "தண்ணி மொதல்ல இந்தக் கடைக்குள்ளதான் வரும். இந்த மேஜைக்குத்தான் வரும். இத்தனை வருஷமா இந்தத் தெருவுல ஒரு செருப்பு நனைய விட்டதில்லை அவ. இன்னிக்கு அவளையே நனைய விடவா?"

சித்தப்பா துண்டை மடித்துக்கொண்டார். தையல்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"நீங்க எங்க மாமா?"

"அஞ்சாவது வடம் தொய்ஞ்சு கிடக்குன்னு சொன்னேன்ல. ஒரு ஆள் சுத்தணும், ஒரு ஆள் வடத்தை வழிப்படுத்தணும். உனக்கு ரெண்டு கைதானே இருக்கு?" எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்து, "இவளைப் பாத்துக்கோங்கம்மா, வந்துடறோம்" என்றார், பக்கத்துக் கடைக்குப் போகிறவர் போல.

*

பாலத்தில் ஏறும்போது தண்ணீர் இன்னும் அமைதியாகத்தான் இருந்தது. கரண்ட் வந்திருந்தது. தொட்டிக்காரர் அக்காவின் மோட்டாரை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் தினமும் போனில் அதன் புகார்களைக் கேட்டிருக்கிறார். இரண்டாவது மோட்டார் எடுக்கும்போது ஒருதரம் இருமும், பயப்படாதே. நான்காவதுக்குப் பிரேக் லேசாகப் பிடிக்கும். எல்லாம் அவருக்குத் தெரிந்தது, பார்க்காத சொந்தக்காரர்களைத் தெரிந்திருப்பது போல.

நடுக்கதவில்தான் தொடங்க வேண்டும். பிறகு அதன் இரண்டு பக்கமும், கடைசியில் ஓரங்கள். ஓரத்தில் தொடங்கினால் தண்ணீர் கரையை அரித்துத் தின்றுவிடும். மூன்றைத் தூக்கினார். வெள்ளைப் பட்டை ஓட்டையிலிருந்து மெல்ல எழுந்து மேலே போனது. இரண்டு, இருமியது, எழுந்தது. நான்கு. ஒன்று. கதவுகளுக்கடியில் தண்ணீர் உறுமத் தொடங்கியது. தையல்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு வானத்தில் எதையோ தேடினார்.

ஐந்தாவது அறைக்கு வந்தபோது முள் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் இருந்தது. உருளையில் வடம் பள்ளத்தைவிட்டு வெளியே வந்து, ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் குறுக்கே கிடந்தது. அப்படியே மோட்டாரைப் போட்டால் வடம் தன்னையே கடித்துக்கொள்ளும்; கதவு பாதியில் சிக்கி நிற்கும். நான்கு கதவு போதுமா என்று ஒரு கணம் பார்த்தார். போதாது. மேலே ஆற்றின் நிறம் ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்தது.

மோட்டாரைப் போடாமல் கைச்சக்கரத்தை மாட்டினார். "மாமா, நான் சுத்தச் சுத்த வடத்தை அதோட பள்ளத்துல உக்கார வைக்கணும். இந்த மரக்கட்டையால தள்ளுங்க. விரலை வைக்காதீங்க."

"எனக்கே சொல்றியா? பாபின்ல நூல் சுத்தறது எப்படின்னு?" தையல்காரர் குனிந்தார். குனிந்தால் பாலத்தின் ஓட்டை வழியாக நுரைத்த தண்ணீர் தெரியும். தெரிந்தது. அவர் முகம் வெளுத்தது. கை மட்டும் மரக்கட்டையை வடத்தில் வைத்து அழுத்தியது. "நூல் தொய்ஞ்சா தையல் கொக்கி போடும் மாப்ள. மெதுவா. அவசரப்படாதே. ம். உக்காந்துச்சு. அடுத்தது. இல்லை, திருப்பு, திருப்பு, ஏறிடுச்சு. இப்ப சுத்து."

"கடையில வேலையாளை இப்படித்தான் விரட்டுவீங்களா?"

"அதான் ஒருத்தனும் நிக்கலை. உங்க அக்கா ஒருத்திதான் நின்னா."

கடைசிச் சுற்று பள்ளத்தில் விழுந்ததும் தொட்டிக்காரர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வடத்தின்மேல் கையை வைத்தார். மோட்டாரைப் போட்டார். வடம் விறைத்தது. கதவின் கனம் உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்தது, தூங்குகிற குழந்தையைத் தூக்கும்போது அதன் பாரம் கைக்கு வருவது போல. கதவு எழுந்தது. அடியில் மாட்டியிருந்த ஒரு பெரிய மரக்கிளை கறுத்துச் சுழன்று கீழே போனது.

"அதான் அவ சொன்னது" என்றார் தையல்காரர். தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறோம் என்று அவருக்கே தோன்றவில்லை.

வெயில் சாய்ந்தபோது செம்மண் நிறத்தில் வெள்ளம் வந்தது. ஐந்து கதவுகளின் அடியிலும் ஒரே சீராகப் புகுந்து போனது. இடதுகரைத் தெருவுக்குக் கீழே, படித்துறையின் மேல்படிக்கு முந்தைய படிவரை ஏறி, அங்கேயே நின்றது. தெரு காய்ந்திருந்தது. மறுநாள் காலை அந்தக் காய்ந்த தெரு வழியாகத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் காய்கறிப் படகுக்காரர் நின்றிருந்தார். படகை அணைக்கு வெகுதூரத்தில் கட்டியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து வெள்ளம் வடிந்தது. பொறியாளர் வந்திருந்தார். தொட்டிக்காரர் கதவுகளை இறக்குவதை அருகில் நின்று பார்த்தார். ஓரங்கள் முதலில், நடு கடைசியில். ஒவ்வொன்றையும் தொட்டிக்காரர் ஒரு சாணில் நிறுத்தினார். கழுவவிட்டார். மூடினார். நான்கு வெள்ளைப் பட்டைகள் நான்கு ஓட்டைகளுக்கு நேராக வந்து நின்றன. ஐந்தாவதுக்கு உள்ளங்கைதான் சாட்சி. முள்ளும் வடமும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

"இந்தக் கதவுகளை இனி யார் பாத்துக்கறது?" என்றார் பொறியாளர், பதில் தெரிந்தவர் போல.

"தொட்டிக்கு ஆள் போடுங்க சார்" என்றார் தொட்டிக்காரர்.

திரும்பும் வழியில் அக்கா வீட்டுக்குப் போனார். மேஜை துடைத்துக் காலியாக இருந்தது. தையல்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மிஷினில் ஊசி கீழே இறங்கியபடி நின்றிருந்தது. அதற்கடியில் பாய்மரத் துணியில் வெட்டிய ஒரு வெள்ளைப் பட்டை. ஓர் ஓரம் மடித்துத் தைத்திருந்தது. மறு ஓரம் தைக்கவில்லை.